அணியில் புகார் வெடித்தபின் சுயேச்சை விசாரணைக்கு ஏற்பாடு செய்வது எப்படி: உரிமையாளருக்கான முழு வழிகாட்டி

ஒரு நாள் காலையில் செய்தி வருகிறது. பயிற்சியாளர் மேல் பாலியல் புகார். அல்லது நிர்வாகி மேல் சூதாட்டக் குற்றச்சாட்டு. அல்லது அலுவலகத்தில் பல வருஷமாக நடந்ததைப் பற்றிப் பழைய ஊழியர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மதியத்துக்குள் ஸ்பான்சர் போன் செய்கிறார். மாலையில் ‘சுயேச்சையான விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறோம்’ என்று பத்திரிகைக் குறிப்பு போய்விடுகிறது. யார் விசாரிப்பார், எதை விசாரிப்பார், அறிக்கை யார் கைக்குப் போகும் என்பதில் ஒன்றுகூட அப்போது முடிவாகியிருக்காது.

இப்படிப்பட்ட உள்விசாரணைகளில் வக்கீலாகப் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். சாட்சிகளை விசாரிக்கும் கட்டத்தில் கெட்டுப்போன விசாரணைகள் குறைவு. பெரும்பாலும் முதல் பத்து நாளிலேயே, உரிமையாளர் தன் கையில் எதை வைத்துக்கொண்டார் என்பதிலேயே அவை கெட்டுவிடுகின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். சட்ட விவரங்கள் இந்தியாவுக்கானவை. உதாரணங்கள் சென்னையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்.

1. முதல் நாள்: எதுவும் அழியாமல் நிறுத்துங்கள்

பத்திரிகைக் குறிப்பு எழுத உட்காரும் முன் செய்ய வேண்டியது இது. செய்தி வெளியான ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்புகள் கலையும். கெட்ட எண்ணம் இல்லாமலும் அழியும்: சிசிடிவி பதிவின் மேல் புதுப் பதிவு ஏறும், வேலையை விட்டவரின் மெயில் கணக்கு மூடப்படும்.

ஒரு பயிற்சி மையத்தில் நாங்கள் தேடிய லேப்டாப் எங்கள் கண் முன்னால் மேஜை மேலேயே இருந்தது. மூடியில் புதுப் பயிற்சியாளரின் பெயர் எழுதிய ஸ்டிக்கர். உள்ளே பழையவருடைய ஒரு ஃபைல்கூட இல்லை. அதை ஃபார்மேட் செய்த பையன் வழக்கமான வேலையைத்தான் செய்திருந்தார். நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதில் இருந்ததை மற்றவர்களின் மெயில் பெட்டிகளிலிருந்து துண்டு துண்டாகச் சேர்க்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஆகவே அன்றைக்கே, எழுத்தில், ஒரு பக்க உத்தரவு போடுங்கள். மெயில், வாட்ஸ்அப், சிசிடிவி, ஊழியர் கோப்புகள், ஹோட்டல் பில், பயண வவுச்சர், பிசியோவின் நோட்டுப் புத்தகம் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ‘தொடர்புள்ள ஆவணங்கள்’ என்று பொதுவாக எழுதினால் நோட்டுப் புத்தகம் அதில் சேரும் என்று யாருக்கும் தோன்றாது.

லேப்டாப், போன்களை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். உறையில் போட்டு, சீல் வைத்து, நேரம் குறித்து, இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்கிறது. அதில் அந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் டிஜிட்டல் கைரேகையையும், எழுத வேண்டும். ஆர்வத்தில் யாராவது ஒரு ஃபைலைத் திறந்து சேமித்துவிட்டால் அந்த மதிப்பே மாறிவிடும்.

பழைய விவகாரம்தானே, இனி என்ன கிடைக்கப் போகிறது என்று விட்டுவிடாதீர்கள். சிகாகோ பிளாக்ஹாக்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 2010-இல் நடந்ததை 2021-இல் விசாரிக்கச் சொன்னபோது, விசாரித்த சட்ட நிறுவனம் 100 ஜிகாபைட்டுக்கு மேல் மின்பதிவுகளையும் 49 பெட்டி காகிதங்களையும் திரட்டியது. பதினொரு வருஷம் கழித்தும் அவ்வளவு இருந்தது.

2. சட்டம் ஏற்கெனவே கேட்பதை முதலில் முடியுங்கள்

உள்விசாரணை எதையும் தள்ளிப்போடும் உரிமையை உங்களுக்குத் தருவதில்லை. புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. ‘உண்மையா என்று நாமே விசாரித்துவிட்டு அப்புறம் சொல்லலாம்’ என்ற நினைப்புக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. அந்தக் குழந்தையை நீங்கள் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். நாலு பேர் நாலு தடவை கேட்டால் குழந்தைக்கும் கொடுமை, வழக்குக்கும் கேடு.

வயது வந்த பெண்ணின் புகார் என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். ‘பணியிடம்’ என்பதில் விளையாட்டு மையம், மைதானம், போட்டி நடக்கும் இடம், தங்கிப் பயிலும் இடம் எல்லாம் அடங்கும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும், பத்து நாளில் அறிக்கை, அறுபது நாளில் நடவடிக்கை. வெளியிலிருந்து எவ்வளவு பெரிய ஆளைக் கூட்டி வந்தாலும் அவர் அந்தக் குழுவின் இடத்தில் உட்கார முடியாது. தனிப்பட்ட புகார் உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டும். வெளி விசாரணை, நிர்வாகம் என்ன தெரிந்து வைத்திருந்தது, என்ன செய்யாமல் விட்டது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கியதால் இரண்டும் செல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

லீக்குடனான ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். எதை உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். கிரிக்கெட்டில் சூதாட்டத் தரகர் ஒரு வீரரை அணுகினாலே வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் சொல்லியாக வேண்டும்.

பிளாக்ஹாக்ஸ் அணியில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். 2010 மே 23 அன்று, இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்ற சிறிது நேரத்தில், வீடியோ பயிற்சியாளர் ஒரு வீரரைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதாக வந்த புகாரைப் பற்றி அணியின் மேல்மட்டம் கூடிப் பேசியது. கோப்பையை வெல்லும் வரை மூன்று வாரம் யாரும் எதுவும் செய்யவில்லை. பிறகு அந்த ஆளைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பினார்கள். அவர் வேறு இடங்களில் வேலை பார்த்தார். 2013-இல் மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவரைப் பாலியல் குற்றத்துக்கு ஆளாக்கியதற்காகத் தண்டனை பெற்றார். ‘ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம்’ என்று உங்கள் மேனேஜர் சொன்னால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

3. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

புகாரில் உங்கள் பெயரே இருந்தால் இந்த வழிகாட்டியின் மீதி உங்களுக்கு இல்லை. லீக்கையோ வாரியத்தையோ அணுகி, ‘நீங்கள் விசாரியுங்கள், நான் ஒத்துழைக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

2017 டிசம்பரில் கரோலினா பாந்தர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி, தன் உரிமையாளர் ஜெர்ரி ரிச்சர்ட்ஸன் மீதான புகார்களை விசாரிக்க ஒரு பெரிய சட்ட நிறுவனத்தை நியமித்தது. மேற்பார்வைக்கு அணியில் பங்கு வைத்திருந்த இன்னொருவர். இரண்டே நாளில் லீக் அந்த விசாரணையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் அதே லீக்கின் வாஷிங்டன் அணி, உரிமையாளர் டான் ஸ்னைடர் மீதே வந்த புகாரைத் தானே விசாரிக்கப் போவதாக அறிவித்தபோது, ஒரு அணி தன்னைத் தானே விசாரிக்க வழியே இல்லை என்று லீக் தலைவர் அன்றைக்கே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் பெயர் இல்லையென்றாலும் கொஞ்சம் நிதானியுங்கள். புகாருக்கு ஆளானவரை வேலைக்கு எடுத்தது நீங்களா? பழைய புகார் எதுவும் உங்கள் மேஜைக்கு வந்ததா? அவர் உங்கள் உறவினரா? நம் ஊரில் அணிகள் பெரும்பாலும் குடும்பக் கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. மைத்துனர் மேனேஜராகவும், மருமகன் அணியின் முகமாகவும் இருப்பது வாடிக்கை.

இதில் எதற்காவது பதில் ‘ஆமாம்’ என்றால், நியமிக்கும் அதிகாரத்தை மூன்று பேர் கொண்ட மேற்பார்வைக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். அணியில் பங்கு இல்லாத இயக்குநர் ஒருவர், விளையாட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர், முன்னாள் வீரர் அல்லது வீராங்கனை ஒருவர். குடும்பத்தார் வேண்டாம். ஆடிட்டரும் வேண்டாம், வருஷா வருஷம் உங்களிடம் ஃபீஸ் வாங்குகிறவரை உங்களுக்கு எதிராக முடிவெடுக்கச் சொல்வது அவருக்கே அநியாயம்.

4. யார் விசாரிப்பார்

‘ஓய்வுபெற்ற நீதிபதியைப் போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். 2013-இல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அந்த மே மாதம் ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் குருநாத் மெய்யப்பன் கைதானார். அவர் மாமனார் என். சீனிவாசன் அப்போது கிரிக்கெட் வாரியத் தலைவர். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸின் நிர்வாக இயக்குநரும் அவரே. வாரியம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைக் கொண்டு விசாரித்தது. ஜூலை 28 அன்று தவறு எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. ஜூலை 30 அன்று, அந்தக் குழுவை அமைத்த விதமே சட்டவிரோதம் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி முத்கல் தலைமையில் தானே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2015 ஜூலையில், தண்டனையை முடிவு செய்ய உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் ஆகிய இரண்டு அணிகளின் உரிமையாளர்களையும் இரண்டு வருஷம் இடைநிறுத்தியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சீனிவாசன் விஷயத்தை மூடிமறைக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2015 ஜனவரியில் சொன்னது. முதல் விசாரணை விழுந்ததற்கு அந்த நீதிபதிகளின் நேர்மையில் குறை கண்டுபிடித்ததும் காரணமில்லை. வாரியம் தன் சொந்த விதிகளின்படி குழுவை அமைக்கவில்லை. நியமிக்கும் முன் உங்கள் லீக்கின் விதிப் புத்தகத்தைத் திறந்து, விசாரணைக் குழு எப்படி அமைய வேண்டும் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

பிறகு, அழைக்கப் போகிறவரிடம் நேராகக் கேளுங்கள்: கடந்த ஐந்து வருஷத்தில் எங்கள் குழுமத்தின் எந்தக் கம்பெனிக்காவது வேலை செய்தீர்களா? எங்கள் ஸ்பான்சர்களுக்கு? லீக்குக்கு? இந்த விசாரணை முடிந்தபின் மூன்று வருஷம் எங்களிடமிருந்து வேறு வேலை வாங்குவதில்லை என்று எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். அடுத்த வேலையை எதிர்பார்ப்பவரின் பேனா தன்னை அறியாமலே மென்மையாகத்தான் எழுதும்.

உங்கள் வழக்கமான வக்கீலைப் போட வேண்டாம். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் சட்ட அதிகாரியும் வேண்டாம். வெளி வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டம் தரும் ரகசியப் பாதுகாப்பு அந்தச் சட்ட அதிகாரியிடம் சொன்னதற்கு முழுமையாகக் கிடையாது.

தனி ஆளாக யாரையும் நியமிக்காதீர்கள். குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், கூடவே கணினித் தடயம் தெரிந்த ஒருவர். மொழியையும் பாருங்கள். மணிப்பூரிலிருந்து வந்த பத்தொன்பது வயது வீராங்கனையைத் தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த இருவர் விசாரித்தால், அவள் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

5. நியமனக் கடிதம்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

இந்த ஒரு கடிதத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் இதில் எழுதாமல் விட்ட வரிகளிலிருந்தே பிறக்கின்றன. என்ன கண்டுபிடிக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியாத இப்போதே இதை எழுதிவிட வேண்டும். தெரிந்தபின் எழுதினால் கை தானாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும்.

வரம்பு. ‘இன்னார் மீதான இந்தப் புகார்’ என்று மட்டும் எழுதினால் விசாரணை அந்த ஒரு ஆளோடு நின்றுவிடும். ‘இந்தப் புகாரும், இதே போன்ற மற்ற நடத்தைகளும், நிர்வாகத்தில் யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதும், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும்’ என்று எழுதுங்கள். விசாரணையில் புதிதாக ஏதாவது தெரியவந்தால் உங்களைக் கேட்காமல் அதையும் தொடரலாம் என்று ஒரு வரி சேருங்கள். டல்லாஸ் மாவெரிக்ஸ் கூடைப்பந்து அணியில் 2018-இல் நடந்த விசாரணை இருபது வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தைப் பார்த்தது; 215 பேரிடம் பேசினார்கள், 16 லட்சம் ஆவணங்களை ஆராய்ந்தார்கள். உரிமையாளர் மார்க் கியூபனையும் விசாரித்தார்கள். அந்த அறிக்கைக்கு மதிப்பு கிடைத்ததற்கு இந்த அகலம் பெரிய காரணம்.

காலம். தொடக்க வருஷத்தைக் குறிப்பிடுங்கள். உங்களுக்கு வசதியான வருஷமாக அது இருக்கக் கூடாது. புகாருக்கு ஆளானவர் அணியில் சேர்ந்த வருஷமாக இருக்கட்டும்.

யார் வரலாம், எதைப் பார்க்கலாம். ஊழியர், வீரர், முன்னாள் ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளி எல்லோரும் வரலாம். உங்கள் சொந்த போனும் மெயிலும் அடக்கம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இந்த வரியைப் பார்த்ததும் பல உரிமையாளர்கள் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். எழுதிய பிறகு அணிக்குள் உங்கள் மேல் வரும் நம்பிக்கையையும் பார்த்திருக்கிறேன்.

எழுத்தில் அறிக்கை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மேலே சொன்ன வாஷிங்டன் அணி. 2020 ஜூலையில் பதினைந்து பெண்களின் புகார் பத்திரிகையில் வந்ததும் அணி பெத் வில்கின்சன் என்ற வக்கீலை நியமித்தது. அந்த ஒப்பந்தத்தில் எழுத்து வடிவ அறிக்கை என்றுதான் இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் லீக் மேற்பார்வையை எடுத்துக்கொண்டது. 2021 ஜூலை 1 அன்று ஒரு கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எழுத்தில் அறிக்கையே இல்லை, எல்லாம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது என்றார்கள். பேச முன்வந்த பெண்கள், தாங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று படிக்க ஒரு பக்கம்கூடக் கிடைக்காமல் நின்றார்கள். அணியும் லீக்கும் தங்களுக்குள் பகிர்ந்த தகவலை மற்றவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாதபடி ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தது, 2022 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் தெரியவந்தது. அதன்பின் மேரி ஜோ வைட் என்ற வக்கீல் நடத்திய இரண்டாவது விசாரணையின் அறிக்கை 2023 ஜூலையில் பொதுவில் வந்தது. அபராதம் ஆறு கோடி டாலர்; அணியின் விற்பனைக்கு லீக் ஒப்புதல் தந்ததும் அதே நாளில்தான்.

எனவே உங்கள் கடிதத்தில் மூன்று வரிகள் இருக்கட்டும். அறிக்கை எழுத்தில் இருக்கும். மேற்பார்வைக் குழுவுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் தரப்படும். வெளியிடத்தக்க வடிவம் ஒன்றை விசாரிப்பவரே தயாரிப்பார், இத்தனை நாளுக்குள் அது மாற்றமின்றி வெளியாகும். லீக் நடுவில் விசாரணையை எடுத்துக்கொண்டாலும் இவை நிற்கும் என்று நாலாவது வரியும் வேண்டும். லீக் அதை ஏற்க மறுக்கலாம். ஆனால் மறுத்தது யார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

வரைவு அறிக்கை உங்களிடம் முன்கூட்டியே வராது என்றும் எழுதுங்கள். ‘தகவல் பிழை மட்டும் பார்க்கிறோம்’ என்று வாங்கிய வரைவில் அடைமொழிகள் காணாமல் போனதை நான் நேரில் பார்த்தேன். ‘தெரிந்தே’ என்ற ஒரு சொல் போய்விட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மொத்த விசாரணையும் நடந்திருந்தது. தகவல் சரிபார்க்க வேண்டுமென்றால், சம்பந்தப்பட்டவருக்கு அவரைப் பற்றிய பத்தியை மட்டும் காட்டி எழுத்தில் பதில் வாங்கட்டும், அந்தப் பதிலையும் அறிக்கையோடு இணைக்கட்டும்.

பணம். மொத்தக் கட்டணத்தையோ மணிக்கணக்குக் கட்டணத்தையோ முன்பே முடிவு செய்து, ஒரு பகுதியை முதலிலேயே கட்டிவிடுங்கள். பாதி வேலையில் பணத்தை நிறுத்தி விசாரணையை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

6. இப்போது அறிவியுங்கள்

கடிதத்தில் கையெழுத்து ஆனபின் அறிவிப்பு. அதுவும் முதலில் ஊழியர்களுக்கும் வீரர்களுக்கும், பிறகு வெளியே. தங்கள் அணியில் விசாரணை நடப்பதை டிவி பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஊழியர் உங்களிடம் மனம் திறக்க மாட்டார்.

யார் விசாரிக்கிறார், எதை, எப்போது முடியும், எப்படி அணுகலாம் என்பது போதும். ‘எங்கள் அணி எப்போதும் உயர்ந்த நெறிகளைக் கடைப்பிடித்து வந்திருக்கிறது’ என்று எழுதாதீர்கள். விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியதே அதுதான். ‘அடிப்படையற்ற புகார்’ என்ற சொல்லும் வேண்டாம்.

புகாருக்கு ஆளானவரைச் சம்பளத்தோடு விடுப்பில் அனுப்புங்கள். விசாரணைக்கு முன்பே நீக்கினால் தீர்ப்பு சொன்னதாக ஆகும். அவர் அலுவலகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் சாட்சிகள் வாய் திறக்க மாட்டார்கள். புகார் சொன்னவரை இடம் மாற்றாதீர்கள், அவரே கேட்டால் ஒழிய. அவரது அடுத்த ஒப்பந்தம், அணித் தேர்வு ஆகிய முடிவுகளை அந்தக் காலத்தில் வேறொருவரிடம் விடுங்கள்.

7. பேச வருபவர்களுக்கு வழி விடுங்கள்

தனியார் விசாரணைக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரம் இல்லை. மக்கள் தாமாக வர வேண்டும். அவர்கள் வருவதற்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலாவது, ரகசிய ஒப்பந்தம். வேலையை விட்டவர்களிடம், சமரசம் செய்துகொண்டவர்களிடம் ‘வெளியே பேச மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். இந்த விசாரணைக்காக அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து அவர்களை விடுவிப்பதாகக் கடிதம் அனுப்புங்கள். பொது அறிவிப்பில் ஒரு வரி சொன்னால் போதாது. கையெழுத்துப் போட்டவருக்குத் தன் பெயருக்கு வந்த காகிதம் கையில் இருந்தால்தான் தைரியம் வரும்.

இரண்டாவது, இடம். ஒரு அணி தன் தலைமை அலுவலகத்தின் கான்ஃபரன்ஸ் அறையை எங்களுக்குக் கொடுத்தது. நல்ல அறை, ஏசி, டீ எல்லாம் வந்தது. ஆனால் அங்கே போக உரிமையாளரின் அறைக் கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் ஏழு பேர் வர வேண்டியிருந்தது, இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஊருக்கு வெளியே ஒரு சாதாரண லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம். எட்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் நாங்கள் கூப்பிடாதவர். மைதானப் பராமரிப்பில் இருந்த அந்த அண்ணன் மதியம் வந்து வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். எந்தெந்த ராத்திரி எந்த அறைச் சாவி யார் கைக்குப் போனது என்று நாலு வருஷமாகத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். கேட்க ஆள் வரும் என்று காத்திருந்ததாகச் சொன்னார்.

மூன்றாவது, ரகசியம் பற்றிய வாக்குறுதி. ‘நீங்கள் சொல்வது யாருக்கும் தெரியாது’ என்று உங்கள் ஆட்கள் யாரும் சொல்லக் கூடாது. அது பொய். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் கேட்கும். ‘அறிக்கையில் உங்கள் பெயர் வராது, காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால் தர வேண்டியிருக்கும்’ என்று உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். இதைக் கேட்டபின்பும் பேசுபவர்கள் பின்வாங்குவது மிகக் குறைவு. விசாரிப்பவர் அணியின் வக்கீல், சாட்சியின் வக்கீல் இல்லை என்பதையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

8. நடுவில் கை வைக்காதீர்கள்

விசாரிப்பவருக்கு நீங்கள் போன் செய்யக் கூடாது. எல்லாம் மேற்பார்வைக் குழு வழியாக, எழுத்தில். யார் வந்தார்கள் என்று கேட்காதீர்கள், டிரைவரிடம்கூட. எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பதற்கும் யார் என்ன சொன்னார் என்று கேட்பதற்கும் தூரம் குறைவு, பேச்சுவாக்கில் தாண்டிவிடுவீர்கள்.

சீசன் நடுவில் விசாரணை வந்தால் ‘ஃபைனல் முடியட்டும்’ என்று கேட்பார்கள். பிளாக்ஹாக்ஸின் மூன்று வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. அறிக்கை வந்த நாள்

பாதிக்கப்பட்டவர்கள் முதலில் படிக்க வேண்டும். வெளியிடுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பு, அவர்கள் விரும்பினால் துணைக்கு ஒருவரோடு.

இந்தியாவில் ஒரு சட்டச் சிக்கலைக் கவனியுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புகார் சொன்னவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. நியாயம் கிடைத்தது என்பதை, யாரையும் அடையாளம் காட்டாமல் சொல்லலாம். போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம் வெளியே வரவே கூடாது. இரண்டாவது படியில் இரண்டு விசாரணைகளையும் பிரித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். பிரித்து வைத்திருந்தால், நிர்வாகத்தின் செயல்பாட்டைப் பற்றிய அறிக்கையை யாரையும் காட்டிக்கொடுக்காமல் வெளியிட முடியும். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ‘கேரளத்திலிருந்து வந்த கோல்கீப்பர்’ என்று எழுதினால் பெயர் எழுதியது மாதிரிதான். பாதிக்கப்பட்டவரின் கண்ணால் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளாக்ஹாக்ஸ் 2021 அக்டோபர் 26 அன்று 107 பக்க அறிக்கையை முழுதாக வெளியிட்டது. 139 பேரிடம் விசாரித்து எழுதியது அது. அதில் அந்த வீரருக்குப் புனைபெயர்தான். மறுநாள் கைல் பீச் தொலைக்காட்சியில் வந்து, அது தான்தான் என்று சொன்னார். பெயரைச் சொல்லும் முடிவு அவர் கையில் இருந்தது. பொது மேலாளர் ஸ்டான் போமன் அறிக்கை வெளியான அன்றே விலகினார்.

அன்றைய பேட்டியில் உங்களைப் பற்றி அறிக்கை சொன்ன குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். நிருபர் கேட்டுச் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும்.

10. அதற்குப் பிறகு

பரிந்துரைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. ‘நிர்வாகம் பரிசீலிக்கும்’ என்று ஒன்றும் இருக்கக் கூடாது. பணமும் ஒதுக்குங்கள். மாவெரிக்ஸ் அணியின் கியூபன் விஷயத்தில் லீக் அப்போது விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 25 லட்சம் டாலர்; பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கு ஒரு கோடி டாலர் தர அவர் ஒப்புக்கொண்டார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, புகார் வெளியாகி ஒரு வாரத்துக்குள், அறிக்கைக்கு ஏழு மாதம் முன்பே, சிந்தியா மார்ஷல் என்பவரை வெளியிலிருந்து தலைமை நிர்வாகியாகக் கொண்டுவந்தது. விசாரணை முடியும் வரை அலுவலகம் அதே கைகளில் கிடக்கவில்லை.

ஆவணங்கள் உங்கள் அலுவலகத்துக்குத் திரும்ப வரக் கூடாது. விசாரித்தவரிடமோ மேற்பார்வைக் குழு சொல்லும் பாதுகாப்பான இடத்திலோ சீல் வைத்து இருக்கட்டும். சாட்சி என்ன சொன்னார் என்ற குறிப்பு நாளைக்கு எச்.ஆர். அலமாரியில் இருந்தால், அவருடைய அடுத்த சம்பள உயர்வு அன்றைக்கு யாராவது அதைத் திறப்பார்கள்.

ஆறு மாதம் கழித்து, விசாரித்தவர்களையே திரும்பக் கூப்பிட்டு, பேச வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: பேசியதற்குப் பிறகு உங்களுக்கு ஏதாவது நடந்ததா? ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா, அணியில் இடம் இருக்கிறதா, கேன்டீனில் கூட உட்கார ஆள் இருக்கிறதா என்று கேட்கட்டும். இந்தச் சந்திப்புக்கான கட்டணத்தையும் முதல் நாள் நியமனக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இதற்கென்று புதிதாகப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.